உரசுபாறையின் இரண்டு பக்கங்கள்

கூனிமலையின் அடிவாரத்தில் ஒரு சோலைக்காடு இருந்தது. காட்டின் நடுவே ஒரு சுனை. அந்தச் சுனையைச் சுற்றிப் பன்றிகளும் குரங்குகளும் முள்ளம்பன்றிகளும் கேளையாடுகளும் குடியிருந்தன. கேளையாடு என்றதும் ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். அது நாய்போலக் குரைக்கிற ஒரு சின்ன மான்.

கோடைக்காலத்தில் கூனிமலை நல்ல மலை. நடக்கப் பழகிய குட்டிகூட ஏறி இறங்கிவிடும். மார்கழி பிறந்துவிட்டால் அதன் குணமே மாறிவிடும். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும். பாறைகள் வழுக்கும். உச்சிவெயில் சாய்ந்ததும் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறும். மூடுபனிக்கு மலையில் அதுதான் பெயர். மஞ்சு சூழ்ந்துவிட்டால் முன்னால் வைக்கிற கால் எங்கே விழுகிறது என்றுகூடத் தெரியாது.

அதனால் பனிக்காலத்துக்கென்று அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பெரிய பாறை ஒன்று நின்றது. அதன் பெயர் உரசுபாறை. மலையேறுகிறவர் யாராக இருந்தாலும் பாறையின் கிழக்குப் பக்கத்தில் உடம்பை உரசிவிட்டுத்தான் போக வேண்டும். பத்திரமாக இறங்கி வந்ததும் மேற்குப் பக்கத்தில் உரச வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் காட்டுப்பன்றி மூக்காயி வருவாள். அந்தக் காட்டிலேயே அவள் மூக்குக்கு ஈடான மூக்கு கிடையாது. அவள் இரண்டு பக்கமும் மோந்து பார்ப்பாள். ஒருவருடைய அன்றைய வாசனை கிழக்கே இருந்து மேற்கே இல்லையென்றால், போனவர் திரும்பவில்லை என்று பொருள். உடனே அவள் உறுமுவாள். அவள் கூட்டம் முழுவதும் மலையேறித் தேடத் தொடங்கிவிடும். கால் ஒடிந்து கிடந்தவர்களையும் வழி தவறி நின்றவர்களையும் எத்தனையோ முறை அந்தக் கூட்டம் உயிரோடு கொண்டுவந்திருக்கிறது.

அந்தக் காட்டில் வீரணன் என்று ஒரு சிங்கவால் குரங்கு இருந்தான். நல்லவன். யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் ஓடுகிறவன் அவன்தான். அவனிடம் ஒரே ஒரு குறை. யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் அவனால் தாங்க முடியாது.

போன பனிக்காலத்தில் ஒருநாள் அவன் மலைக்குப் போனான். வழியில் பழுத்த இலந்தையைக் கண்டதும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்துவிட்டான். பொழுது சாய்ந்தது. மூக்காயி மோந்து பார்த்தாள், உறுமினாள். பன்றிக் கூட்டம் மலையேறியது. வீரணனோ வயிற்றைத் தடவிக்கொண்டு எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தான்!

அவ்வளவுதான். காட்டுச்சேவல் கொண்டையனுக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. தினமும் விடிந்ததும் மரத்தில் ஏறி நின்று கூவுவான்.

"எல்லாரும் எந்திரிங்க! வீரணன் இருக்கானா பாருங்க! தொலைஞ்சு கிலைஞ்சு போயிருக்கப் போறான்!"

சுனைக்கரை முழுவதும் சிரிக்கும். வீரணனின் உயிர்ச் சிநேகிதன் முள்ளம்பன்றி முத்தாண்டிகூட முள் குலுங்கச் சிரித்தான். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. வீரணனுக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாகவே இருந்துவிட்டது. 'இனி செத்தாலும் என்னைத் தேடி யாரும் வரக்கூடாது' என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். வாய்க்கு வந்ததையெல்லாம் இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. என்ன செய்வது, சொல்லிக்கொண்டான்.

அடுத்த மார்கழியில் கேளையாடு செம்பி ஒரு குட்டி ஈன்றாள். அழகான குட்டி, செக்கச்செவேல் என்றிருந்தது. ஆனால் தாய்க்குப் பால் இல்லை.

குட்டி போட்ட மானுக்கு உப்பு வேண்டும். உப்பு உள்ளே போனால்தான் பசி எடுக்கும், மேய்ச்சல் பிடிக்கும், பால் ஊறும். சுனைக்கரையில் எப்போதும் உவர்மண் இருக்கும். அந்த வருடம் ஐப்பசி மழை அதை ஒரு பொடி விடாமல் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த உவர்மண் எல்லாம் மலையின் உச்சியில், கூன் போல வளைந்த பாறைக்கு அடியில்தான் இருந்தது.

செம்பியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மலையேறுவது எப்படி?

ஒரு காலை நேரம் வீரணன் அத்திப்பழம் தின்றுகொண்டே அந்தப் பக்கம் வந்தான். கைகளிலும் மார்பிலும் பழச்சாறு வழிந்துகொண்டிருந்தது. புதருக்குள் எட்டிப் பார்த்தான். குட்டி தாயின் மடியை முட்டி முட்டிச் சப்பியது. ஒன்றும் வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே தலையைச் சாய்த்துக்கொண்டது.

வீரணன் கையிலிருந்த பழத்தைக் கீழே போட்டான்.

"அக்கா! உச்சியில இருந்து நான் உவர்மண் கொண்டாறேன்!"

"வேண்டாம் தம்பி. மலை உறைஞ்சு கிடக்கு. உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. இந்தப் பாரு, ரெண்டு கன்னத்துலயும் பை இருக்கு. நிறைய அடைச்சுக்கிட்டு வந்துருவேன். குட்டி தாங்குமா, அதைச் சொல்லு."

செம்பி குட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வையே அவனுக்குப் போதுமாக இருந்தது.

விஷயம் தெரிந்து முத்தாண்டி ஓடிவந்தான். ஓடிவந்தான் என்றால், முள்ளம்பன்றி எவ்வளவு ஓடுமோ அவ்வளவு.

"மாப்ளே, நில்லு! வெயில் மேல வந்துருச்சு. இப்பக் கிளம்பினா நீ பாதி ஏறுறதுக்குள்ள மஞ்சு வந்துரும். நாளைக்கு விடிஞ்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்."

"நாளைக்கா? குட்டியப் பார்த்தியா நீ?"

"பார்த்தேன். நீ போய்ச் சேர்ந்து திரும்பி வந்தாத்தானே குட்டிக்கு மண்ணு? வழியில விழுந்து கிடந்தா யாருக்கு என்ன லாபம்? சரி, இன்னிக்கே போறதா இருந்தா நான் சொல்றதைக் கேட்டுக்கோ. பாதி வழியில காட்டுப் பூவரசு மரம் ஒண்ணு நிக்குதுல்ல? அந்த மரத்துக்குப் போறதுக்கு முன்னாடி மஞ்சு வந்துச்சுன்னா, அப்படியே திரும்பிரணும். மேல போகக் கூடாது. அது பழைய நாள்லேருந்து எல்லாரும் வச்சிருக்கிற கணக்கு. அப்புறம், மரத்துக்குப் பக்கத்துல குகை மாதிரி பாறைப் புடவு ஒண்ணு இருக்கு. நான் போன மாசமே சருகு அள்ளிப் போட்டு மெத்தை மாதிரி வச்சிருக்கேன். மாட்டிக்கிட்டா அதுக்குள்ள போயிட்டியானா..."

"போதும்டா! உன்னை மாதிரி உருண்டு உருண்டு ஏறுறவனுக்குத்தான் மெத்தை வேணும். கோடையில இந்த மலையைக் கண்ணை மூடிக்கிட்டு ஏறுறவன் நான்!"

முத்தாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"உருண்டு ஏறுறவனா? சரிதான். போ! எப்படியோ போ!"

அவன் திரும்பிப் பார்க்காமல் வளைக்குள் போய்விட்டான். கோபத்தில் ஒன்றை மட்டும் சொல்லாமலே போய்விட்டான். புடவு மரத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை.

வீரணன் உரசுபாறைக்கு வந்தான். மேலே கிளையில் கொண்டையன் உட்கார்ந்திருந்தான்.

"ஓகோ! வீரணன் மலைக்குக் கிளம்பியாச்சா? பன்றிங்களை இப்பவே பாதி வழியில நிக்கச் சொல்லட்டுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பறந்து போனான்.

வீரணனுக்கு முகமெல்லாம் சூடேறியது. கிழக்குப் பக்கத்தில் மார்பை அழுத்தி உரசினான். இரண்டடி எடுத்து வைத்தான். நின்றான். நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. மெல்ல மேற்குப் பக்கம் போனான்.

'வந்த பிறகு உரசினால் என்ன, வரத்தானே போகிறோம் என்று இப்போதே உரசினால் என்ன? கொஞ்சம் தாமதமானாலும் எவனும் தேடிவந்து மானத்தை வாங்க மாட்டான்!'

அங்கேயும் மார்பை அழுத்தி உரசினான். பிறகு பாறையைத் தாண்டி ஒரே பாய்ச்சலில் பாதையில் ஏறினான்.

முதலில் எல்லாம் சுகமாகவே இருந்தது. வெயில் முதுகில் இதமாக விழுந்தது. அவன் வேகமாக ஏறினான். ஆனால் மலையின் வளைவைத் தாண்டியதும் வெயில் போய்விட்டது. அங்கே காலையில் விழுந்த உறைபனி இன்னும் இளகவில்லை. பூவரசு மரம் கண்ணுக்குத் தெரிந்தபோது, அதற்கும் அவனுக்கும் நடுவே மஞ்சு புகுந்துவிட்டது.

வீரணன் நின்றான். முத்தாண்டி சொன்னது அவன் காதில் ஒலிக்கத்தான் செய்தது. திரும்பினால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். நாளை விடிந்ததும் இருவருமாக வரலாம். ஆனால் குட்டி மடியை முட்டி முட்டிச் சப்பியதும் நினைவுக்கு வந்தது. வெறுங்கையோடு இறங்கினால் கொண்டையன் என்ன கூவுவான் என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டில் எது அவனை மேலே தள்ளியது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அவன் ஏறினான்.

உச்சியை எப்படியோ அடைந்துவிட்டான். கூன்பாறைக்கு அடியில் உவர்மண்ணை நகத்தால் கீறிக் கீறி எடுத்தான். விரல்நுனிகள் மரத்துப்போயின. இரண்டு கன்னப்பையும் புடைக்கும்வரை அடைத்துக்கொண்டான். வாசம்கூட மாறிவிட்டது அவனுக்கு. உடம்பெல்லாம் மண்ணும் உப்பும் மஞ்சின் ஈரமும்தான் மணந்தது.

இறங்கத் தொடங்கினான். மஞ்சு முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது. மயிரெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பனி படிந்த பாறையில் ஒரு கால் வழுக்கியது. அடுத்த நொடி அவன் உருண்டு கீழே வந்து ஒரு மரத்தில் மோதி நின்றான். கால் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

தடவிப் பார்த்தான். அது காட்டுப் பூவரசு மரம். பாதி வழிக்கு வந்துவிட்டான்!

'புடவு பக்கத்தில்தான் இருக்கிறது' என்று நினைத்தான். எந்தப் பக்கம்? அதைத்தான் அவன் கேட்கவே இல்லையே. முறிந்த காலை இழுத்துக்கொண்டு கீழ்ப்பக்கம் கொஞ்சம் தவழ்ந்தான். வெறும் பாறை. பக்கவாட்டில் தவழ்ந்தான். சரிவு. விழுந்துவிடப் பார்த்தான். மறுபடி மரத்தடிக்கே வந்து சாய்ந்து உட்கார்ந்தான்.

அவனுக்குப் பயம் வரவில்லை. பொழுது சாயப்போகிறது. மூக்காயி அத்தை பாறைக்கு வந்துவிடுவாள். கிழக்குப் பக்கம் மோந்து பார்ப்பாள். பிறகு மேற்குப் பக்கம் மோந்து பார்ப்பாள். அங்கே அவன் வாசனை இல்லையென்றதும்...

வீரணன் விருட்டென்று நிமிர்ந்தான்.

மேற்குப் பக்கத்தில் அவன் வாசனை இருக்கிறது. அவனே வைத்துவிட்டு வந்த வாசனை.

அப்போதுதான் அவன் கத்தினான். கத்துவதற்கு வாயைத் திறந்தபோதெல்லாம் கொஞ்சம் மண் கொட்டியது. துப்பி வைத்துவிட்டுக் கத்தலாமென்றால் தரையெல்லாம் சொட்டும் ஈரம். உவர்மண் கரைந்து ஓடிவிடும். அவன் குரலோ மஞ்சைத் தாண்டிப் போகவில்லை. கீழே இருப்பவர்கள் அவனை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அவன் வந்துவிட்டவன்.

கடைசியில் அவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பொத்திக்கொண்டான். கையிலிருந்த கொஞ்சம் சூட்டையும் அந்த மண்ணுக்குத்தான் கொடுத்தான்.

அதே நேரத்தில் கீழே மூக்காயி பாறைக்கு வந்தாள். கிழக்கே மோந்தாள். வீரணன். மேற்கே மோந்தாள். வீரணன்.

"வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு அவள் தன் கூட்டத்தோடு படுக்கப் போய்விட்டாள்.

செம்பி புதருக்குள்ளிருந்து கேட்டாள்.

"வந்துட்டானா? அப்ப மண்ணு எங்க? என்கிட்ட வரவே இல்லையே!"

அதற்கும் கொண்டையன்தான் பதில் சொன்னான்.

"மண்ணாவது! பாதியில பயந்து திரும்பியிருப்பான். வெறுங்கையோட உன் முகத்துல எப்படி முழிப்பான்? ஏதாச்சும் மரப்பொந்துல ஒளிஞ்சுக்கிட்டு இருப்பான்!"

எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு அது எளிதாக இருந்தது. ஒருவராவது நாலு மரத்தில் ஏறிப் பார்த்திருக்கலாம். ஒருவராவது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. வளைக்குள் முத்தாண்டி, "எனக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டான். அவன் முள் அவனையே குத்தியது.

செம்பி மட்டும், "பாவம், எனக்காகப் பாதி வழியாவது போனானே" என்றாள்.

பொழுது விடிந்தது. சுனையின் ஓரத்தில் தண்ணீரே பனிக்கட்டியாக ஏடு கட்டியிருந்தது. குட்டி கண்ணைத் திறந்தது, எழுந்திருக்கவில்லை.

செம்பி குட்டியைச் சருகால் மூடிவிட்டுத் தட்டுத்தடுமாறி எழுந்தாள். அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. உச்சிக்குப் போய்வருகிறவர்கள் உடம்பில் உவர்மண் ஒட்டியிருக்கும். அவர்கள் வந்து உரசும்போது பாறையின் மேற்குப் பக்கத்தில் அதில் ஒரு துளி அப்பியிருக்கும். வீரணன் பாதி வழிவரைக்கும் போய் வந்தவன்தானே? அவன் உரசின இடத்தில் ஒரு நாக்கு உப்பாவது கிடைக்காதா?

ஒரு தாய்க்குத்தான் இப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றும். பாறை பாறையாக நக்கிப் பார்க்கிற நிலைமைக்கு அவள் வந்துவிட்டாள்.

தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தாள். மேற்குப் பக்கத்தில் வீரணன் உரசிய இடத்தில் நாக்கை வைத்தாள்.

உப்பு இல்லை.

மறுபடி நக்கினாள். இனித்தது. அத்திப்பழத்தின் இனிப்பு!

நேற்றுக் காலையில் அவன் மார்பில் வழிந்த அத்திப்பழச் சாறு அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. மலையேறி, மஞ்சில் நனைந்து, இறங்கி வந்தவன் மார்பில் அந்தச் சாறு எப்படி அப்படியே இருக்கும்?

அவள் குரைத்தாள். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவள், காடே எழுந்திருக்கும்படி குரைத்தாள்.

மூக்காயி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னடி? என்ன ஆச்சு?"

"மோந்து பாரு அத்தை! இங்க நல்லா மோந்து பாரு! யாரோட வாசனைன்னு பார்க்காத. என்ன வாசனைன்னு பாரு!"

மூக்காயி மூக்கைப் பாறையில் வைத்து அழுத்தினாள். மெதுவாக இழுத்தாள். கிழக்குப் பக்கம் போய் இழுத்தாள். மறுபடி மேற்கே வந்தாள். அவள் பிடரி மயிர் எழுந்து நின்றது.

"ரெண்டு பக்கமும் ஒரே பழ வாசனை... இதுல உப்பு இல்ல. மஞ்சு இல்ல. வேர்வை இல்ல. ஐயோ! போகும்போதே ரெண்டு பக்கமும் உரசிட்டுப் போயிருக்கான்! அவன் இன்னும் இறங்கவே இல்லடி!"

அவள் உறுமினாள். அந்த உறுமலில் அழுகையும் கலந்திருந்தது.

பன்றிக் கூட்டம் மலையேறியது. எல்லோருக்கும் முன்னால் போனது யார் தெரியுமா? முத்தாண்டி. அவன் அவ்வளவு வேகமாக ஏறி அந்தக் காடு பார்த்ததில்லை.

"மரத்துகிட்டதான் இருப்பான். நான் சொன்னேன்ல, மரத்துகிட்ட புடவு இருக்குன்னு. அதுக்குள்ள கதகதன்னு தூங்கிக்கிட்டு இருப்பான்!" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

மரத்தடியில் வீரணன் உட்கார்ந்திருந்தான். முகத்தைச் சுற்றியிருந்த நரைமயிரில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு கைகளும் இரண்டு கன்னங்களைப் பொத்தியபடி இருந்தன. கண் பாதி திறந்திருந்தது. உடம்பில் உயிர் இல்லை.

முத்தாண்டி மரத்துக்கு மேல்பக்கம் திரும்பிப் பார்த்தான். நாலு எட்டில் புடவு. அவன் அள்ளிப் போட்ட சருகு அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் அதில் இல்லை.

"மேல்பக்கம்னு ஒரே ஒரு வார்த்தை, மாப்ளே!" என்று அவன் அழுதான். "கோவத்துல அதைச் சொல்லாமப் போயிட்டேனே! உன் பேச்சைப் பெரிசா எடுத்துக்கிட்டு, உன்னைத் தனியா விட்டுட்டேனே!"

மூக்காயி குனிந்து வீரணனின் கைகளை மெல்ல விலக்கினாள். கன்னப்பை இரண்டும் கெட்டியாக இருந்தன. உள்ளே மிச்ச உவர்மண் கரையாமல் அப்படியே இருந்தது.

பயந்து ஒளிந்துகொண்டான் என்று அவனைத்தான் சொன்னார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பெரிய இலைகளில் மண்ணை வாங்கிப் பொதிந்து கீழே கொண்டுவந்தார்கள். செம்பி அழுதுகொண்டே நக்கினாள். உச்சிப்பொழுதுக்கு அவளுக்குப் பசித்தது. சுனைக்கரைப் புல்லை மேய்ந்தாள். வெயில் சாயும் வேளையில் மடியில் பால் சுரந்தது. குட்டி குடித்தது. நாலு காலில் எழுந்து நின்றே குடித்தது.

மறுநாள் காலையில் கொண்டையன் கூவவில்லை. அதற்கு மறுநாளும் கூவவில்லை. பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பறந்துவந்து உரசுபாறையின் உச்சியில் நின்றான். அன்றைக்கு மலைக்குப் போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் "வந்துட்டேன்!" என்று குரல் கொடுக்கும்வரை அவன் அடுத்த பெயருக்குப் போகவில்லை. அன்றுமுதல் அதுவே அவன் வேலையாகிவிட்டது. அதில் கேலி இல்லை.

வழக்கமும் கொஞ்சம் மாறியது. இறங்கி வந்தவர் மேற்குப் பக்கத்தில் உரசும்போது வேறு ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று முடிவானது. போகிறவரைத் தனியாக அனுப்புவதில்லை என்றும், புடவு எங்கே இருக்கிறது என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லாமல் விடுவதில்லை என்றும் முடிவானது. தேடிக் கூட்டி வரப்பட்டவரைப் பார்த்துச் சிரிப்பது என்பது அந்தக் காட்டில் அடியோடு நின்றுபோனது.

குட்டி வளர்ந்தது. கொம்பு முளைக்கும் வயதில் அது முதல்முறையாகப் பனிக்காலத்தில் மலையேறியது. விடியும்போதே கிளம்பியது. முத்தாண்டி துணைக்குப் போனான். கூன்பாறையில் உப்பு நக்கிவிட்டு, மஞ்சு ஏறுவதற்குள் இருவரும் இறங்கி வந்துவிட்டார்கள். செம்பி பாறையருகே காத்துக்கொண்டு நின்றாள்.

குட்டி மேற்குப் பக்கத்தில் உரசப் போனது. அங்கே ஓர் இடம் மட்டும் யாரும் தொடாமல் பாசி பிடித்துக் கிடந்தது.

"அம்மா, இந்த இடத்துல மட்டும் ஏன் யாரும் உரசுறது இல்ல?"

செம்பி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உன் மாமன் வீரணனோட இடம்டா. வந்து உரச வேண்டியவன். அவன் இன்னும் வரல."

ஆபத்தான வழியில் போகிறவர்கள், யாரும் கேலி செய்வார்களே என்று பயப்படாமல், தங்களைத் தேடி வரக்கூடியவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும்.